டிரம்ப் வரியும் கல்லல் வயலும்

கேள்வி: 2025 ஆகஸ்ட் 8

அமெரிக்கா நம் சரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டுவிட்டது. 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25 சேர்ந்து 50 ஆகும் என்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கல்லலில் டீக்கடையில் இதே பேச்சுத்தான். நெல் விலை விழப்போகிறது, இந்த வருடம் விதைக்காமல் விட்டுவிடலாமா என்று என் பெரியப்பா கேட்கிறார். புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மண்டியில் இருந்தவர் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 8, இரவு

பெரியப்பாவை விதைக்கச் சொல்லுங்கள், மழை பெய்தால். அமெரிக்கா நம்மிடம் வாங்குகிற அரிசியில் பெரும்பங்கு பாசுமதி. அது பஞ்சாப், அரியானாக்காரர் கவலை. கல்லல் கண்மாய்த் தண்ணீரில் விளைகிற நெல் களத்திலிருந்து வியாபாரியின் லாரிக்கோ கொள்முதல் நிலையத்துக்கோ போகிறது. அங்கிருந்து மில். அங்கிருந்து நம் இட்லிக் குண்டான். கப்பல் ஏறுவதில்லை.

காரைக்குடி கமிஷன் மண்டி ஒன்றில் ரொம்ப வருடம் கணக்கு எழுதியவன் நான். இப்போது தேவகோட்டை ரஸ்தா தாண்டி சொந்த வயல், கொஞ்சம் நெல், மேட்டில் கடலை, உளுந்து. மண்டியில் இருந்தபோது ஒரே நாளில் விலை சரிந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தச் சேதி ஒவ்வொரு தடவையும் டெல்லியிலிருந்துதான் வந்தது. சாயங்காலம் ஓர் அறிவிக்கை வரும். காலையில் சென்னை வியாபாரி போனை எடுக்கமாட்டான். அவ்வளவுதான் அடையாளம்.

டிரம்பைத் திட்டுவது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உளுந்து விலையை அவரா வைக்கிறார்?

ஆகஸ்ட் 10

உளுந்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, இது கொஞ்சம் நீளும்.

2015இல் பருப்பு விலை எங்கே போனது என்று ஞாபகம் இருக்கும். துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. பேப்பர், டிவி எல்லாம் அதே சேதி. சாப்பிடுகிறவர்கள் கொதித்தார்கள். அரசு இறக்குமதிக்கு ஓடியது. மறு வருடமே மொசாம்பிக் நாட்டோடு துவரைக்கு ஒப்பந்தம். அதே சமயம் நம் விவசாயியும் விலையைப் பார்த்துவிட்டு அதிகமாக விதைத்தான். 2016-17இல் நாடு முழுவதும் பயறு வகை அமோக விளைச்சல். வெளிச் சரக்கும் உள்ளூர்ச் சரக்கும் ஒன்றாகச் சேர்ந்து சந்தைக்கு வந்தால் என்ன ஆகும்? விழுந்தது. விழுந்த பிறகு, 2017 ஆகஸ்டில், இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு. மாடு ஓடிய பிறகு தொழுவத்தைச் சாத்தினார்கள்.

நான்கு வருடம் கழித்து 2021 மே மாதம் மறுபடியும் கதவு திறந்தது. துவரை, உளுந்து, பாசிப்பயறு கட்டுப்பாடில்லாமல் வரலாம். ஜூனில் மியான்மரோடு, அதாவது நம் பழைய பர்மாவோடு, ஐந்து வருட ஒப்பந்தம்: வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை. உளுந்துக்கு இறக்குமதி வரி கிடையாது. இந்தச் சலுகையின் கடைசித் தேதி 2026 மார்ச் 31. இதற்கு முன்னாலும் கடைசித் தேதிகள் இருந்தன, ஒவ்வொன்றும் நீட்டிக்கப்பட்டது.

இப்போது மண்டி எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். காலையில் வாட்ஸ்அப்பில் ரங்கூன் விலை டாலரில் வரும். பிறகு சென்னைத் துறைமுக விலை: பர்மா எஃப்.ஏ.க்யூ (சராசரித் தரம்) இவ்வளவு, எஸ்.க்யூ (உயர்ந்த தரம்) இவ்வளவு. அதில் லாரி வாடகை, கழிவு, தரகு எல்லாம் கழித்துத்தான் நம் களத்து உளுந்துக்கு விலை சொல்வான். நம் ஊரில் மழை பெய்ததா, காய் பிடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. 2025-26க்கு உளுந்துக்கான குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். தாளில் இருக்கிறது. மார்கழி, தையில் நம் சரக்கு களத்துக்கு வரும்போது அந்த விலைக்கு வாங்க ஆள் வேண்டுமே.

இறக்குமதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்கு விளைவது போதாது, அது உண்மை. செட்டிநாட்டில் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளைப் பணியாரத்துக்கும் வடைக்கும் போகிற உளுந்தைப் பார்த்தாலே தெரியும். என் புகார் தேதியைப் பற்றி. விதைப்பதற்கு முன்னால் ஒரு வரி, அறுப்பதற்கு முன்னால் வேறு வரி. விதைத்தவன் எந்தக் கணக்கை நம்பி விதைப்பான்?

ஆகஸ்ட் 11

"தாத்தா காலத்தில் பர்மாவில் நம் செட்டியார்கள் கொடுத்த கடனுக்குப் பர்மாக்காரன் இப்போது உளுந்தாக வட்டி கட்டுகிறான்" என்று பள்ளத்தூர்க்காரர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். அண்ணே, வட்டி கட்டுவது அவன் இல்லை. பர்மாவைக் கண்ணால் பார்க்காத, இங்கே உளுந்து விதைக்கிற சம்சாரி கட்டுகிறான்.

பர்மாக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதில் நிறைய இருக்கிறது.

ஆகஸ்ட் 20

நான் சொன்னது இவ்வளவு சீக்கிரம் கண்முன்னால் நடக்கும் என்று நினைக்கவில்லை. பருத்திக்கான 11 சதவீத இறக்குமதி வரியை நேற்று முதல் எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 30 வரைக்கும்.

காரணம் அமெரிக்க வரிதான். திருப்பூர் பனியனுக்கு 50 சதவீதம் விழுந்தால் ஆர்டர் போய்விடும், பஞ்சாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்கிற யோசனை. மில்காரர்கள் இதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 11 சதவீதமே 2021 பட்ஜெட்டில்தான் வந்தது. 2022இல் பஞ்சு விலை ஏறியபோது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஒரு தடவை தூக்கினார்கள்.

அமெரிக்கா அடித்தது திருப்பூரை. ஆனால் அடியைத் தாங்கிக்கொள் என்று கைகாட்டியது பருத்தி விவசாயியை. நம் சிவகங்கைப் பக்கம் பருத்தி குறைவு, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் போனால் கரிசலில் பார்க்கலாம். வடக்கே தெலங்கானா, மகாராஷ்டிராவில் அக்டோபரில் பஞ்சு எடுக்கத் தொடங்குவார்கள். செப்டம்பர் 30 என்று தேதி போட்டிருப்பதால் தப்பித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்ப்போம்.

ஆகஸ்ட் 28

பருத்தி வரி விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்கள். அறுவடையில் பெரும்பகுதி அந்தத் தேதிக்குள் வந்துவிட்டது. மேலே "பார்ப்போம்" என்றதற்கு எட்டே நாளில் பதில்.

ஆகஸ்ட் 31

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். "நீங்கள் பருத்திக்காரனுக்காக அழுகிறீர்கள், நூல் விலை ஏறினால் எங்கள் வேலை போகுமே, நானும் இளையான்குடிப் பக்கத்துச் சம்சாரி மகன்தான்."

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நம் வறண்ட ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார்கள். என் அக்கா மகன் அங்கே கட்டிங் மாஸ்டர். புரட்டாசியில் உழவு ஓட்ட டிராக்டர் வாடகை, விதை, அடியுரம் எல்லாவற்றுக்கும் அக்கா எதிர்பார்ப்பது அவன் அனுப்புகிற பணத்தைத்தான். கூட்டுறவுச் சங்கக் கடன் வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். ஆகஸ்டிலேயே அவன் கம்பெனியில் ஓவர்டைம் நிறுத்திவிட்டார்களாம்.

ஆகவே முதல் நாள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நெல் அமெரிக்காவுக்குப் போகாது, ஆனால் நெல் விதைக்கிற காசு திருப்பூர் வழியாக அமெரிக்காவிலிருந்து வருகிறது. பெரியப்பாவின் பயம் வேறு வாசல் வழியாக உண்மையாகலாம்.

அதற்காகப் பருத்தி விவசாயியின் தலையில் பாரத்தை ஏற்றியது சரி என்று ஆகிவிடாது தம்பி. 2025-26க்குப் பருத்தி ஆதார விலை நடுத்தர இழைக்கு 7,710, நீள இழைக்கு 8,110. சந்தை அதற்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகம் வாங்கவேண்டும். வாங்குவதற்கு இந்த வருடம் செல்போன் செயலியில் முன்பதிவு வேறு. திருப்பூருக்கு உதவவேண்டுமென்றால் கஜானாவிலிருந்து நேராகக் கொடுக்கலாமே. ஒரு சம்சாரி மகனைக் காப்பாற்ற இன்னொரு சம்சாரி பையில் கைவிட வேண்டுமா?

செப்டம்பர் 7

சிங்கம்புணரி நார்க் கம்பெனிகளைப் பற்றி ஒருவர் கேட்டார். அங்கே கதை அமெரிக்காவைவிடச் சீனாவைப் பொறுத்தது. நம் தென்னை நாரை அதிகம் வாங்குவது சீனா, மெத்தைக்கு. மிதியடி, நார்க்கழிவுக் கட்டி போன்றவை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். சீனாக்காரன் வாங்குவதை நிறுத்தினால் நார் கட்டுக்கட்டாகக் கிடக்கும், மட்டைக்கு விலை கேட்க ஆள் வராது. தோப்புக்காரர் மட்டையை வேலியோரம் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தாலே நார் விலை என்ன என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த வருடம் தேங்காய் விலை நன்றாக இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. மரத்தில் காய் இல்லாததால் இருக்கிறது. வெள்ளை ஈயும் வாடலும் தின்றது போக மிச்சம். பத்துக் காய்க்கு நல்ல விலை கிடைப்பதைவிட நூறு காய்க்குச் சுமாரான விலை கிடைப்பது மேல் என்று எந்தத் தோப்புக்காரரும் சொல்வார்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். அங்கேதான் எனக்கு ஆத்திரம் வரும்.

செப்டம்பர் 8

"எண்ணெய்க்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. செய்தார்கள். 2024 செப்டம்பர் 14 முதல் பாமாயில், சோயா, சூரியகாந்தி கச்சா எண்ணெய்க்கு அடிப்படை வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. கூடுதல் வரிகளோடு 27.5. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75. கடலைக்காரர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2025 மே 28 அன்று கரீஃப், அதாவது மழைக்காலப் பயிர், ஆதார விலைகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். நிலக்கடலை 6,783லிருந்து 7,263. ஒரே தாவலில் 480 ரூபாய். எல்லாப் பத்திரிகையிலும் படம். மே 30 அன்று கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரி 20லிருந்து 10. கூடுதல் வரிகளோடு 16.5. இரண்டே நாள் இடைவெளி! முதல் அறிவிப்பை நம்பி விதைக்கடலை வாங்கியவன் இரண்டாவதைக் கவனித்திருக்க மாட்டான், அது வணிகப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வந்தது.

பாமாயில் இறங்கினால் கடலை எண்ணெய் ஏன் இறங்கவேண்டும், இரண்டும் வேறல்லவா என்று கேட்பீர்கள். ஓட்டல்காரன், பலகாரக் கடைக்காரன், மிக்சர் போடுகிறவன் எல்லோரும் அடுப்பில் ஊற்றுவது மலிவான எண்ணெயை. கடலை எண்ணெய் கேட்கிறவர்கள் குறையக் குறைய செக்குக்காரன் கொப்பரையும் கடலையும் குறைத்து வாங்குவான். நம் ஊரிலேயே "செட்டிநாட்டுப் பலகாரம்" என்று பலகை போட்டுக்கொண்டு பாமாயிலில் முறுக்குச் சுடுகிறார்கள். ஆச்சிகள் கண்டுபிடித்துவிடுவார்கள், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் தருகிறார்கள். இது மாநில அரசு. அதற்குப் பதில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ தாருங்கள் என்று தென்னை விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். அரசின் பதில் செலவு. நியாயமான பதில்தான், பாதி அளவுக்கு. நம் வரிப்பணத்தில் மானியம் கொடுத்து மலேசியா, இந்தோனேசியா தோட்டங்களில் விளைந்ததை வாங்குகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது மாதத்துக்கு அரை லிட்டர் உள்ளூர் எண்ணெய் என்று மாற்றினால் சிங்கம்புணரியிலும் பட்டுக்கோட்டையிலும் கொப்பரைக்கு ஒரு தரை விலை நிற்கும். தேங்காய் இப்போது விற்கிற விலையில் இதைக் கேட்டால் கோட்டையில் சிரிப்பார்கள். விலை விழுந்த வருடத்தில் கேட்டதற்கும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 9

மறந்துவிட்டது. 2022 ஏப்ரல் 28 முதல் ஒரு மாதம் போல இந்தோனேசியாவே பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது, அவர்கள் ஊரில் விலை ஏறியதால். அப்போது நம் ஊர் மளிகைக் கடைகளில் எண்ணெய் விலை எப்படிப் பறந்தது என்று கேளுங்கள். எல்லா நாடும் ஒரே வேலைதான் செய்கிறது: முதலில் தன் ஊர்ச் சமையல்கட்டு, அப்புறம்தான் விவசாயி. இந்தோனேசியத் தோட்டக்காரர்களும் அன்றைக்குத் தெருவுக்கு வந்தார்கள்.

செப்டம்பர் 24

இந்தோனேசியாவைப் பற்றிப் பேசிய நேரம், மாதத் தொடக்கத்திலிருந்து நம் நிலக்கடலையை அவர்கள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அஃப்ளாடாக்சின், அதாவது பூஞ்சை நஞ்சு, அளவுக்கு மேல் இருக்கிறதாம். இந்தியக் கடலையை அதிகம் வாங்குகிற நாடு அது. சரக்கு பெரும்பாலும் குஜராத்திலிருந்து போகிறது. இருந்தாலும் அங்கே தேங்கினால் இங்கே விலை சொல்ல மாட்டான்.

இதில் நான் முழுக்க அரசைத் திட்டமாட்டேன். கடலை பிடுங்கி ஈரத்தோடு குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடினால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? எடை நிற்கவேண்டும் என்று தண்ணீர் தெளிக்கிற மகராசர்களையும் மண்டியில் பார்த்திருக்கிறேன். காயவைக்க களம் இல்லை, பல ஊரில் தார்ரோடுதான் களம். ஊருக்கு ஒரு நல்ல உலர்களம் கட்டுவது இறக்குமதி வரியைவிட மலிவு.

அக்டோபர் 5

"ஆதார விலையை இரட்டிப்பாக்கிவிட்டால் எல்லாம் சரியாகுமே, யார் தடுக்கிறார்கள்?"

பணம் ஒரு தடை. இன்னொரு தடை ஜெனிவாவில் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தப்படி, வளரும் நாடு ஒரு பயிருக்குத் தருகிற விலை ஆதரவு அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த ஆதரவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இன்றைய கொள்முதல் விலைக்கும் 1986-88இல் இருந்த வெளிச்சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். கல்லலில் 1987இல் நாற்று நடக் கூலி என்ன, இன்றைக்கு என்ன? அந்தக் காலத்து விலையை வைத்துக்கொண்டு இன்றைக்கு விவசாயிக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டாய் என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது. பொது விநியோகத்துக்காகச் சேமிக்கும் தானியத்தில் வரம்பு மீறினாலும் வழக்குப் போடமாட்டோம் என்கிற பாதுகாப்பு. அரிசியில் நாம் 10 சதவீதத்தைத் தாண்டியதால் 2018-19 முதல் அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்துகிறோம். நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

சர்க்கரைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா மூன்றும் வழக்குப் போட்டு 2021 டிசம்பரில் நமக்கு எதிராகத் தீர்ப்பு. நாம் மேல்முறையீடு செய்தோம். மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது, புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால். அதனால் தீர்ப்பு அமலுக்கு வரவில்லை. ஆக, சிவகங்கைப் பக்கத்துக் கரும்புக்காரருக்கு அமெரிக்கா தெரியாமலே ஒரு நன்மை செய்திருக்கிறது. டீக்கடையில் இதைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

அக்டோபர் 26

தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை நெல் மழையில் நனைந்து முளைத்துக் கிடப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கமாட்டார்கள். 22 வரை அனுமதியுங்கள் என்று மாநிலம் கேட்டிருக்கிறது, மத்தியக் குழு வந்து பார்க்கிறது.

நமக்கு அறுப்பு தை, மாசியில். அதனால் இப்போதைக்குக் கவலை இல்லை. ஆனால் இங்கே ஏற்றுமதித் தடை பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் "நெல் கப்பல் ஏறாது" என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்படியானால் 2023இல் அரிசி ஏற்றுமதித் தடை நம்மைத் தொடவே இல்லையா?

தொட்டது, சுற்றி வந்து. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்ட் 25 முதல் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. நம் அரிசி போகாவிட்டாலும் ஆந்திர அரிசி காக்கிநாடா துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கதவு அடைத்தால் அந்த அரிசிக்கும் உள்நாட்டுச் சந்தைதான் கதி, அதில் தமிழ்நாடும் உண்டு. மில்காரன் நம் நெல்லுக்கு விலை சொல்லும்போது ஆந்திர அரிசி விலையையும் மனசில் வைத்துத்தான் சொல்வான். தடை நீங்கியது 2024 செப்டம்பர் கடைசியில், புழுங்கல் வரி பூஜ்யமானது அக்டோபரில். நடுவில் ஒரு சம்பா முழுசாகப் போய்விட்டது.

விலை ஏறும்போது ஏற்றுமதிக் கதவைச் சாத்துவது, இறங்கும்போது திறப்பது. ஏற்றத்தில் நமக்குப் பங்கு இல்லை, இறக்கம் முழுக்க நமக்கு.

நவம்பர் 16

சுவாரசியமான சேதி. காபி, தேயிலை, வாழைப்பழம், மசாலாப் பொருட்கள், மாட்டிறைச்சி என்று ஒரு பட்டியலுக்கு அமெரிக்கா வரியை விலக்கிவிட்டது. ஏன்? அவர்கள் ஊர் மளிகைக் கடையில் விலை ஏறி ஜனங்கள் திட்டினார்கள்.

செப்டம்பர் 9இல் எழுதியது அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது பாருங்கள். சமையல்கட்டு ஜெயித்துவிட்டது.

இன்னொன்று, பட்டாணிப் பருப்பு. 2023 டிசம்பரிலிருந்து வரியில்லாமல் வந்துகொண்டிருந்த மஞ்சள் பட்டாணிக்கு இந்த நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி. கடலைமாவுக்குப் பதில் பட்டாணி மாவு கலக்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல். வடக்கே கொண்டைக்கடலை விதைக்கிறவனுக்கு நல்ல சேதி. மார்ச் வரை வரியில்லை என்று முன்னால் சொல்லியிருந்தார்கள், நடுவிலேயே மாற்றினார்கள். விவசாயிக்குச் சாதகமாக மாற்றினாலும் நேரம் கெட்ட பழக்கம் அதேதான், ஒப்பந்தம் போட்டுவிட்டவன் கதி என்ன? மண்டிக்காரப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

நவம்பர் 23

பர்மாக் கதை. பள்ளத்தூர் அண்ணன் மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டார்.

நான் நகரத்தார், அதாவது செட்டியார், இல்லை. என் அப்பாவுடைய அப்பா ஒரு செட்டியார் வீட்டுக் கடைக்குச் சமையலாளாக பர்மா போனவர். கீழ் பர்மாவில் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் ஒரு சின்ன ஊர். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், இவர். அறுப்புக் காலத்தில் பர்மாக்காரர்கள் வந்து கடனை அடைப்பார்கள், விதைப்புக்கு மறுபடி வாங்குவார்கள். நெல் கப்பலேறி இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்றைக்குப் பர்மா.

1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. அங்கே விதைத்தவனுக்கும் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் அவன்தான் முதலில் விழுந்தான். அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அந்த டிசம்பரிலேயே சயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்தது. நிலம் கடன்காரர் கைக்கு மாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். வேண்டி வாங்கியது அல்ல, பணத்துக்குப் பதிலாக வந்து சேர்ந்தது. செட்டியாருக்கு வேண்டியது சுழல்கிற ரொக்கம், சேற்று வயல் இல்லை. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனிக் காலனியாகப் பிரிந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது, தாத்தா உட்பட எல்லோரும் ஓடிவந்தார்கள். பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். போயிற்று.

கானாடுகாத்தானில் செட்டியார் வீட்டுப் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் படம் எடுக்கிற சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டிகள் செட்டியார் நஷ்டத்தைச் சொல்கிறார்கள். பர்மிய விவசாயியின் நஷ்டத்தைச் சொல்வதில்லை. நம் தாத்தாக்களின் சம்பளமும் அந்த வட்டியிலிருந்துதான் வந்தது என்பதால் எனக்கும் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

பர்மிய விவசாயியின் நெல் விலையை வெளிச்சந்தை வைத்தது. இன்றைக்கு நம் உளுந்து விலையை வெளிச்சந்தை வைக்கிறது. அன்றைக்கும் ஈடு நிலம்தான், இன்றைக்கும் ஈடு நிலம்தான். இப்போது கூட்டுறவுச் சங்கமும் நகைக்கடன் வங்கியும் இருப்பதால் நிலத்துக்கு முன்னால் வீட்டுக்காரியின் சங்கிலி போகிறது.

நவம்பர் 24

"கவுனி அரிசியாவது மிச்சம்" என்று எழுதியவருக்கு: ஆமாம், அந்தக் கறுப்பரிசி பர்மாவிலிருந்து வந்ததாக நம் வீடுகளில் சொல்வார்கள். ஆரோக்கியம் என்று சொல்லிச் சென்னையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் தெரியுமா? அதை இங்கே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டவர், முதலில் வாங்குகிறவரைப் பிடித்துவிட்டு விதையுங்கள்.

2026 ஜனவரி 18

பொங்கல் முடிந்தது. பெரியப்பா விதைத்தாரா என்று நான் கேட்டதற்கு இப்போதுதான் பதில் வந்தது. விதைத்தாராம், கண்மாய் முக்கால் பெருகியதாம், கதிர் வாங்கி நிற்கிறதாம்.

நெல்லுக்கு: மாநில ஊக்கத்தொகை சேர்த்துப் பொது ரகம் 2,500, சன்ன ரகம் 2,545. 2021 தேர்தல் வாக்குறுதி, நாலு வருடம் கழித்து வந்தது. ஈரப்பதத்தை 22 ஆக்க டெல்லி ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே அறுவை மிஷின் வந்து போன அன்றே நிலையத்துக்கு ஓடாமல் இரண்டு வெயில் காயவிடுங்கள். சிட்டா, அடங்கல் இப்போதே வாங்கி வையுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று எழுத ஆசை. வரிசையில் நெல்லோடு நிற்கிறவனுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உளுந்துக்கு: அடித்த உளுந்தை இப்போது விற்பதா, வைப்பதா என்று கேட்டவரே, மார்ச் 31 அன்று வரிச்சலுகைத் தேதியும் முடிகிறது, மியான்மர் ஒப்பந்தத்தின் ஐந்தாவது வருடமும் முடிகிறது. இரண்டையும் நீட்டிப்பார்கள் என்றே என் மண்டிப் புத்தி சொல்கிறது. பாதியை விற்று நகையைத் திருப்புங்கள். மீதியை நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வையுங்கள், வண்டு விழாமல். அறிவிக்கை வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.